எல்லார் காலையும் பார்த்தவர்

1. ரெஃபரல் மேசை

பட்டாளத்திலிருந்து ரிட்டயர் ஆனவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் வைத்தியம் பார்க்கிற பாலிகிளினிக் ஒன்றில், பெங்களூரில், ரெண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடம் வேலை பார்த்தேன். அதற்கு முன்னால் நானும் பட்டாளத்தில்தான் இருந்தேன். நர்சிங் அசிஸ்டன்ட். ஊசி போடுவது, கட்டுப் போடுவது, டாக்டர் இல்லாத இடத்தில் டாக்டர் போல முகத்தை வைத்துக்கொள்வது, இதுதான் என் உத்தியோகம். பென்ஷன் வாங்கிக்கொண்டு காக்ஸ் டவுனில் சும்மா உட்கார்ந்திருந்தவனைக் கூப்பிட்டு, 'கோஆர்டினேட்டர்' என்று பெயர் கொடுத்து, ஒரு மேசை, ஒரு டெலிபோன், ஒரு ஆடும் நாற்காலி கொடுத்தார்கள்.

வேலை என்னவென்றால், உள்ளே கர்னல் சாப் பேஷன்ட்டைப் பார்ப்பார். அவரும் ரிட்டயர் ஆன மிலிட்டரி டாக்டர்தான், வடக்கத்திக்காரர், நல்ல மனுஷர். பாலிகிளினிக்கில் முடியாத கேஸ் என்றால் வெளியே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதுவார். எந்த ஆஸ்பத்திரியில் எந்த டாக்டர் இருக்கிறார், பெட் இருக்கிறதா, ஆம்புலன்ஸ் வருமா, கூட யார் போவார்கள் என்பதெல்லாம் என் தலையில். அந்த மேசைக்கு இப்போது வந்திருக்கும் பிள்ளைகள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் தட்டி முடித்துவிடுகிறார்கள். சந்தோஷம். நான் டெலிபோனில் கத்திக் கத்தித் தொண்டை கட்டின காலம் அது.

முதல் நாளே ஒன்று தெரிந்துவிட்டது. கர்னல் சாப் இந்தியில், "ஏதாவது கஷ்டம் இருக்கா?" என்று கேட்பார். எதிரே நிற்கும் கிழவர் குதிகாலைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, "டீக் ஹை, சாப்!" என்பார். எல்லாம் சரியாக இருக்கிறதாம். அதே கிழவர் வெளியே வந்து என் மேசையைப் பிடித்துக்கொண்டு, "தாஸு, மூச்சு வாங்குதுப்பா, படி ஏற முடியல" என்று தமிழில் அழுவார். நான் எழுந்து உள்ளே போய் கர்னல் சாபிடம் சொல்வேன். அவர் தலையில் கையை வைத்துக்கொள்வார். "இவங்க என்னை டாக்டர்னு நினைக்கிறாங்களா, பரேடுக்கு வந்த ஜெனரல்னு நினைக்கிறாங்களா?" என்பார்.

அவருக்கும் காரணம் தெரியும். யூனிட்டில் உடம்பு சரியில்லாதவன் காலையில் 'சிக் ரிப்போர்ட்' என்று தனி லைனில் நிற்க வேண்டும். ஹவில்தார் மேஜர் வந்து ஒவ்வொருத்தன் முகத்தையும் பார்ப்பார். "காமச்சோர்!" என்பார். வேலைக்குக் கள்ளம் போடுகிறவன் என்று அர்த்தம். பாதிப் பேர் அங்கேயே வியாதி குணமாகி பரேடுக்குத் திரும்பிவிடுவார்கள். மிச்சம் பேரை டாக்டர் பார்த்து, வியாதி நிஜம் என்று மெடிக்கல் கேட்டகரியைக் குறைத்துவிட்டால் ப்ரமோஷன் போச்சு. ஆகவே பட்டாளத்தில் வலியை மறைப்பது ஒரு திறமை. இருபது வருஷம் பழகின திறமையை ரிட்டயர் ஆன அன்று கழற்றிக் கொடுத்துவிட்டு வர முடியாது.

இதில் எல்லாரையும் மிஞ்சினவர் ஒருவர் இருந்தார். சுபேதார் கோதண்டம். மர்பி டவுன். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

2. பனியில்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் அவரும் ஒரே இன்ஜினியர் கம்பெனியில் வடக்கே பனிமலையில் இருந்தோம். ரோடு போடும் வேலை. அவர் அப்போது கம்பெனி ஹவில்தார் மேஜர். சிக் ரிப்போர்ட் லைனில் அவர் வந்து நின்றால் இருமல்கூட நின்றுவிடும். என்னை மெடிக்கல் டென்டில் அட்டாச் செய்திருந்தார்கள். "டேய் நர்சிங், இன்னிக்கு உன் கடைக்கு ஆள் கம்மிதான், எல்லாத்தையும் திருப்பி அனுப்பிட்டேன்" என்று எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் ஒரு விஷயத்தில் அந்த மனுஷருக்கு நான் கும்பிடு போட வேண்டும். சாயங்காலம் வேலை முடிந்ததும் கால் சோதனை, அதாவது ஃபுட் இன்ஸ்பெக்‌ஷன். "ஜூத்தா உத்தார்!" என்று ஒரு சத்தம். ஷூவைக் கழற்று என்று ஆர்டர். மொத்தக் கம்பெனியும் பூட்ஸையும் சாக்ஸையும் கழற்றிக் காலை நீட்டி உட்கார வேண்டும். அவர் ஒவ்வொருத்தன் காலடியிலும் குனிந்து, விரலைப் பிரித்து, அமுக்கி, மோந்து பார்த்துக்கொண்டு போவார். ஈர சாக்ஸ் போட்டிருந்தால் அதே சாக்ஸால் முகத்தில் ஒரு அடி. பனியில் கால் விரல் செத்துப்போவது ரொம்பச் சுலபம். பக்கத்துக் கம்பெனியில் விரல் போனவர்கள் இருந்தார்கள். எங்களில் ஒருத்தனுக்கும் போகவில்லை. டாக்டரால் அல்ல, என்னாலும் அல்ல.

ஒரு நாள் நான் டென்டிலேயே இருந்துவிட்டேன். மெடிக்கல் ஆளுக்கு எதற்கு இன்ஸ்பெக்‌ஷன் என்ற திமிர். அவர் உள்ளே வந்துவிட்டார்.

"கால நீட்டு."

"சாப், நான் மெடிக்கல்."

"மெடிக்கல்னா பனி உனக்கு சல்யூட் அடிக்குமா? நீட்டுடா."

கழற்றினால் மூன்று விரல் மெழுகுவர்த்தி நிறத்தில் இருந்தது. எனக்கு உணர்ச்சியே இல்லை. அவர் கோட்டைத் திறந்து, ஸ்வெட்டரைத் தூக்கி, என் ரெண்டு காலையும் தன் வெறும் வயிற்றில் வைத்து மூடிக்கொண்டார். பனிக்கட்டி போல இருந்த காலை அந்த மனுஷர் வயிற்றில் வைத்துக்கொண்டு, என் அப்பன் பாட்டன் எல்லாரையும் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் கழித்து உணர்ச்சி திரும்பியது. திரும்பும்போது வலியில் உயிர் போனது. நான் அலறினேன்.

"வலிக்குதா? நல்லது. வலிச்சா கால் இருக்குன்னு அர்த்தம். வலிக்கலன்னாதான் பயப்படணும். ஞாபகம் வெச்சிக்கோ, நர்சிங்."

அதை மறக்கக்கூடிய ஆள் நான் இல்லை.

3. கட்டிலுக்கு அடியில் ஊதுபத்தி

பாலிகிளினிக்கில் மாதம் ஒரு முறை அவர் வருவார். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை வாங்க. சுபேதாராக ரிட்டயர் ஆகி, அடுகோடிப் பக்கம் ஒரு அபார்ட்மென்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருந்தார். நாள் முழுக்க நிற்கிற வேலை. இஸ்திரி போட்ட சட்டை, முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. பெஞ்சில் உட்காரவே மாட்டார். முன்னால் அவர் கம்பெனியில் இருந்தவர்கள் ஹாலில் நிறையப் பேர் இருப்பார்கள். அவர் உள்ளே வந்தால் அந்தக் கிழவர்கள் எல்லாரும் காலை மடக்கி நேராக உட்கார்ந்துகொள்வார்கள்.

கர்னல் சாப் கேட்பார். "டீக் ஹை, சாப்!" அவ்வளவுதான். மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். என் மேசைக்கு வந்து ரகசியமாக அழுகிற வழக்கமும் அவரிடம் கிடையாது. என்னிடம் நாற்காலி ஆடுகிறதே, திருகாணியை முடுக்க மாட்டாயா என்று திட்டுவதோடு சரி.

ஒரு கோடைகாலத்தில் அவர் மனைவி ரஞ்சிதம் அக்கா தனியாக வந்தார். ஸ்கூலில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். அன்று என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"தாஸு தம்பி, ஒண்ணு கேக்கறேன். இந்த வெயில்ல யாராவது சாக்ஸ் போட்டுக்கினு தூங்குவாங்களா?"

"யாருக்கா?"

"அவருதான். கேட்டா குளிருதுங்கறாரு. ஃபேன் போட்டுக்கினு குளிருதுங்கறாரு. குளிக்கப் போனா பாத்ரூம் கதவ உள்ள தாப்பா போட்டுக்கறாரு. அப்புறம் இன்னொண்ணு." குரலைத் தாழ்த்தினார். "எங்க ஊட்ல ஊதுபத்தி புத்தர் படத்துக்கு ஏத்தறதோட சரி. இப்ப இவரு கட்டிலுக்கு அடியில ஏத்தி வெக்கறாரு. கொசுவுக்காம். எனக்குத் தெரியாதா தம்பி, என்னா வாசனைய மறைக்கறாருன்னு?"

சர்க்கரை, கால், வாசனை. இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்டால் நர்சிங் ஆளுக்கு வேறு எதுவும் கேட்க வேண்டியதில்லை.

"நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. ஊட்ட உட்டே போயிடுவாரு."

அடுத்த தடவை அவர் வந்தபோது சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன். "சாப், டிரெஸ்ஸிங் ரூமுக்கு ஒரு நிமிஷம் வாங்க. சுகர் பேஷன்ட் எல்லார் காலையும் பாக்கச் சொல்லி ஆர்டர்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டேய் நர்சிங். உன் காலை நான் பாத்தவன். என் காலை நீ பாக்கறியா?"

திரும்பி நடந்தார். நடையில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இடது ஷூவின் லேஸ் தளர்வாக இருந்தது. மற்றவர்களை லேஸுக்காகவே நாள் முழுக்க ஓடவிட்ட மனுஷர் அவர். கால் வீங்கினால்தான் லேஸைத் தளர்த்துவார்கள்.

4. ஜூத்தா உத்தார்

கர்னல் சாபிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பலவந்தமாகக் கழற்ற முடியாது. தனியாகக் கூப்பிட்டால் வரமாட்டார். ஒரே வழிதான் எனக்குத் தோன்றியது. ஹாலில் எல்லாருக்கும் சேர்த்து ஃபுட் இன்ஸ்பெக்‌ஷன் வைப்போம் என்றேன். ஆர்டர் என்று வந்துவிட்டால் அவர் உடம்பே கேட்கும், மனசு மறுத்தாலும். கர்னல் சாப் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆர்டரை நீயே கொடு தாஸ். நான் கொடுத்தா டாக்டர் விளையாடுறார்னு நினைப்பாங்க" என்றார்.

கோதண்டம் சாப் மறுபடி வருகிற நாள் வரை காத்திருக்க முடியாது. லேப் டெஸ்ட் என்று போன் செய்து அந்த வாரமே வரவழைத்தேன். ரஞ்சிதம் அக்காவும் ப்ரெஷர் மாத்திரைக்காகக் கூட வந்து பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்தார். ஹால் நிறைந்திருந்தது. நான் மேசைக்கு முன்னால் வந்து நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"ஃபுட் இன்ஸ்பெக்‌ஷன்! ஜூத்தா உத்தார்!"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அப்புறம் சிரிப்பு. சிரித்துக்கொண்டே கழற்றத் தொடங்கினார்கள். வழுக்கைத் தலைகள் எல்லாம் குனிந்தன. செருப்பு, ஷூ, கேன்வாஸ், எல்லாம் பெஞ்சுக்கு அடியில் வரிசையாகப் போனது. அழகாக வரிசையாக, ஒருத்தரும் சொல்லாமலே. காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வயசு குறைந்துவிட்ட மாதிரி அவர்களுக்கு ஒரு குஷி.

கோதண்டம் சாப் நின்றுகொண்டிருந்தார். அவர் உடம்பும் ஆர்டரைக் கேட்டது. ஆனால் நான் நினைத்தபடி அல்ல. கையைப் பின்னால் கட்டினார். முதல் பெஞ்சின் முதல் ஆளிடம் போய்க் குனிந்தார்.

"நகம் வெட்ட மாட்டியா?"

"வெட்டறேன், சாப்."

அடுத்த ஆள். "இது என்னாடா வெடிப்பு? பொண்டாட்டி வேஸ்லின் வாங்கித் தர மாட்டாளா?"

அடுத்த ஆள். விரலைப் பிரித்துப் பார்த்தார். "இது சேத்துப்புண். இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டு."

என் திட்டம் நொறுங்கிப் போய்விட்டது. அந்த ஆர்டருக்கு ஷூவைக் கழற்றுவது மற்றவர்கள் வேலை. பார்த்துக்கொண்டு போவது அவர் வேலை. இத்தனை வருடத்தில் அவர் அந்த ஆர்டருக்கு ஒரு தடவையாவது தன் ஷூவைக் கழற்றியிருப்பாரா? கழற்றச் சொல்ல யார் இருந்தார்கள்? வெறுப்பாக இருந்தது எனக்கு, அவர் மேலா என் மேலா என்று தெரியாமல்.

கடைசி ஆள் வரை போய்த் திரும்பி நிமிர்ந்தார். பெண்கள் பெஞ்சிலிருந்து ரஞ்சிதம் அக்கா எழுந்து வந்தார். அவ்வளவு ஆண்கள் முன்னால் அந்த அம்மாள் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

"எல்லார் காலையும் பாத்துட்டீங்க. உங்க கால யார் பாக்கறது?"

"போய் உக்காரு."

"நான் பாக்கறேன்."

அக்கா அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தார். லேஸில் கை வைத்தார். கோதண்டம் சாப் காலை இழுத்துக்கொள்ளவில்லை. கையைத் தொடையோடு ஒட்டி, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, அட்டென்ஷனில் நின்றார். ஷூ சிரமப்பட்டுத்தான் வந்தது. சாக்ஸ் தோலோடு ஒட்டியிருந்தது. அக்கா அதை எச்சில் தொட்டு மெதுவாக உரித்தார். கட்டை விரலும் அடுத்ததும் கரியாக இருந்தன. பாதத்தின் அடியில் குழி. வாசனை முதல் பெஞ்சுக்குப் போய், கடைசிப் பெஞ்சு வரை போனது. ஒருத்தரும் மூக்கைப் பொத்தவில்லை. ஒருத்தர் ஒருத்தராக எழுந்து, வெறுங்காலோடு அட்டென்ஷனில் நின்றார்கள்.

நான் டெலிபோனை எடுத்தேன்.

5. ஒரு கையெழுத்து

பெட் கிடைத்தது, ஆம்புலன்ஸ் வந்தது, ஓசூர் ரோடு ஆஸ்பத்திரியில் சர்ஜன் காத்திருந்து பார்த்தார். என் வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆஸ்பத்திரியிலும் குறை இல்லை. சர்ஜன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எலும்பு வரைக்கும் போய்விட்டது, விஷம் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, முழங்காலுக்குக் கீழே எடுத்தால் ஆளைக் காப்பாற்றலாம், அதுவும் உடனே எடுக்க வேண்டும் என்றார். உள்ளே போய்ப் பேஷன்ட்டிடமும் சொன்னார். "டீக் ஹை, சாப்" என்றார் கோதண்டம் சாப். சம்மதம் என்று நினைத்து நர்ஸ் பேனாவை நீட்டினால் கையைப் பின்னால் வைத்துக்கொண்டார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எப்பலேர்ந்து சாப் இது?"

"ஆணி குத்திச்சு. தெரியவேயில்ல. ஷூவக் கழட்டினா ரத்தம்." போர்வைக்குள் இருந்த காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வலிக்கல நர்சிங். வலிக்கலன்னதும் எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"எங்க வந்து சொல்றது? அந்த பெஞ்சுல உக்காந்திருக்கறவன் பூரா நான் சிக் ரிப்போர்ட்லேர்ந்து தொரத்தினவன். அவன் முன்னாடி நான் லைன்ல நிக்கணுமா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவுதானா? இதற்காகவா? ஆனால் படுத்திருக்கிற ஆளிடம் கத்த முடியாது. வெளியே வந்து காரிடாரில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கர்னல் சாப் தானே வந்து பேசிப் பார்த்தார். "டீக் ஹை, சாப்." கையெழுத்து இல்லை. என்னிடம் மட்டும் ஒரு தடவை சீறினார். "மொத்தக் கம்பெனியில ஒருத்தன் சுண்டு விரல் போகல. என் ஒரு கால நீங்க காப்பாத்த மாட்டீங்களா?" இரண்டு நாள் இப்படியே போனது. காய்ச்சல் ஏறியது.

கடைசியில் ரஞ்சிதம் அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அழவில்லை. கோபமாகத்தான் பேசினார்.

"நீங்க பனியில இருக்கறப்ப தந்திக்காரன் தெருவுல வந்தா நான் கதவுக்குப் பின்னாடி நின்னுக்குவேன். அந்த ஆளு எங்க ஊட்ட தாண்டிப் போற வரைக்கும் மனசுல ஒண்ணுதான் கேட்டுக்கினே இருப்பேன். கையில்லாம வரட்டும், காலில்லாம வரட்டும், ஆளு வந்தா போதும்னு. அன்னிக்கு நான் ஒத்துக்கினது. இன்னிக்கு நீங்க ஒத்துக்கங்க."

கோதண்டம் சாப் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் கதவுக்குப் பின்னால் அப்படி ஒருத்தி நின்றிருந்தது அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்கும். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

6. ஐசியு

காலை எடுத்தார்கள். ஆனால் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்று சர்ஜன் சொன்னார். சிறுநீர் குறைந்தது. ஐசியுவில் ஒரு நேரத்துக்கு ஒருத்தர்தான் போகலாம். அக்கா சாப்பிடப் போயிருந்த மதியம் நான் உள்ளே போனேன். போர்வை ஒரு பக்கம் முழங்காலோடு தட்டையாகிப் போயிருந்தது. டியூட்டி டாக்டர், சின்னப் பெண், கன்னடக்காரர், இந்தியில் கேட்டார். வலி இருக்கிறதா?

"டீக் ஹை, சாப்" என்றார், அந்தப் பெண்ணைப் பார்த்தும்.

டாக்டர் நகர்ந்ததும் என் விரலைப் பிடித்தார். கை கொதித்தது.

"நர்சிங்."

"சொல்லுங்க, சாப்."

"கால் வலிக்குதுடா. கட்டை விரலு. உயிர் போவுது." மூச்சு வாங்கிக்கொண்டார். "வலிச்சா கால் இருக்குன்னு உன்கிட்ட சொன்னேன் இல்ல? இல்லாத கால்டா வலிக்குது."

வெட்டி எடுத்த காலும் வலிக்கும், நரம்புக்கு அது தெரியாது என்று எனக்குப் பாடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் அவர் நெற்றியைத் துடைத்தேன்.

"யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

அந்தப் பனி டென்ட் நாளிலிருந்து அந்த மனுஷர் ஆர்டரை நான் மீறியதில்லை. அன்று மீறினேன். நேராகப் போய் அந்த டாக்டர் பெண்ணிடம், "பேஷன்டுக்கு வலி தாங்க முடியல, சொல்ல மாட்டார், நான் சொல்றேன்" என்றேன். அவர் உடனே வந்து ஊசி போட்டார். கோதண்டம் சாப் என்னை முறைத்துப் பார்த்தார். அந்த முறைப்போடேயே கண் சொருகித் தூங்கினார். மறுநாள் விடிந்ததும் போய்விட்டார்.

மர்பி டவுனில் சந்து கொள்ளாத கூட்டம். அவரிடம் காமச்சோர் என்று திட்டு வாங்கினவர்கள்தான் தூக்கினார்கள். எடுப்பதற்கு முன்னால் யாரோ, சாபுக்கு ஷூ போடாமல் அனுப்பக்கூடாது என்றார்கள். பாலிஷ் போட்டுக் கொண்டுவந்தார்கள். வலது காலுக்கு மாட்டினார்கள். இடது ஷூவை என் கையில் கொடுத்துவிட்டார்கள். அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இடுகாடு வரைக்கும் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன். குழிக்குள் இறக்கும்போது அக்கா அதை வாங்கி அவர் பக்கத்தில் வைத்தார்.

7. வெறுங்கால்

அடுத்த மாதம் ரஞ்சிதம் அக்கா ப்ரெஷர் மாத்திரைக்கு வந்தார். ஹாலில் அதே கிழவர்கள். நான் ஆர்டர் எதுவும் கொடுக்கவில்லை. மேசையை விட்டு எழுந்து வந்து, முதல் பெஞ்சில் அவர்களோடு உட்கார்ந்து, என் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிக் காலை நீட்டினேன். பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்தார். குனிந்து தானும் கழற்றினார். வரிசையாக எல்லாரும் கழற்றினார்கள். இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

காலைப் பார்க்க யாரும் இல்லை. அக்கா பெண்கள் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். என் முன்னால் குனிந்து, பனியில் மெழுகாகிப் போன அந்த மூன்று விரலையும் ஒவ்வொன்றாக அமுக்கினார்.

"வலிக்குதா?"

"வலிக்குதுக்கா."

அடுத்தவரிடம் போனார். "வலிக்குதா?" "வலிக்குதும்மா." அதற்கடுத்தவர். "வலிக்குதும்மா, குதிகாலு." கர்னல் சாப் தன் ரூம் வாசலில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இத்தனை நாள் கேட்டும் கிடைக்காத பதில்.

இந்த மேசைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். வலிக்கிறது என்று சொல்கிறவர் எப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். வலிக்கவில்லை என்று சொல்கிறவரைத்தான் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். அவரை ஷூவைக் கழற்றச் சொல்வதற்கு முன்னால் உங்கள் ஷூவைக் கழற்றிக் காட்டுங்கள்.

அன்று நாலாவது பெஞ்சில் ஒரு ஹவில்தார். எப்போதும் தமாஷாகப் பேசுகிறவர்.

"வலிக்குதா?"

"எனக்கு ஒண்ணும் வலிக்காதும்மா. இரும்புக் காலு."

அக்கா சிரிக்கவில்லை. "கண்ண மூடிக்கோங்க" என்றார். விரல் நுனியால் அவர் சுண்டு விரலைத் தொட்டார். "இப்ப எந்த விரலத் தொடறேன்?"

ஹவில்தார் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். "இன்னும் தொடவேயில்லியேம்மா" என்றார்.

அக்கா விரலை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வெறுங்காலோடு எழுந்து டெலிபோனுக்குப் போனேன்.